ஆறு இருபத்தொன்பது

என் பெயர் நவீன்குமார். ஐம்பத்தெட்டு வயதில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு, திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பழைய கேம் பெட்டிகளுக்கு சர்வீஸ் கடை நடத்துகிறேன் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துக்கொள்ளுங்கள். "பேருதான் நவீன், கடையில கெடக்கறதெல்லாம் ஓட்டை ஒடைசல்" என்று என் மனைவி கிருத்திகாவே சொல்வாள்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. கடிகாரம் என்றால் சரியாக ஓட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் கடிகாரமும் சரியாக ஓடாது, எல்லாம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். பனியன் கம்பெனி வண்டி தெருமுனையில் நின்று காத்திருக்காது என்பதற்காக யாரோ ஒரு காலத்தில் ஆரம்பித்த பழக்கம். வண்டிகள் டிரைவர் இல்லாமல் ஓடப் பழகிவிட்டன, கம்பெனியில் பாதிப்பேர் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன, இந்த 2058-லும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. அது பொய் மணி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பார்த்துப் பதறுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கடைக் கடிகாரம் நொடி பிசகாது. வீட்டிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் வீட்டுக் கடிகாரம் கொஞ்ச நாளாக மத்தியானமானால் பின்தங்குகிறது, சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிய பிறகுதான் அது எனக்குத் தெரியும். மூன்று முறை செல் மாற்றிப் பார்த்தேன். மேற்குச் சுவரின் சூடு என்று ஒரு முடிவுக்கு வந்து விட்டுவிட்டேன். ஊருக்குத்தானே உபதேசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தர்ஷனும் அவன் மனைவி யாழினியும் கடைக்கு வந்தார்கள். தர்ஷனுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது. துண்டில் சுற்றிய ஒரு பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அதிலிருந்து கையை எடுக்காமலே நின்றான்.

"எங்க நாத்தனாருக்கு ஒடம்பு சரியில்லீங்கண்ணா" என்றாள் யாழினி.

துண்டைப் பிரித்தேன். 'தும்பி'. 2031-ல் வந்த மாடல், சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும், மூடியில் திரை. திரையில் ஒரு லைன் வீடு, வாசலில் தையல் மெஷின் போட்டு ஒரு பெண் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் மணி, அதன் பக்கத்தில் செல் தீர்ந்துபோவதைச் சொல்லும் சின்ன சிவப்புக் குறி.

"இவதான் தையலக்கா" என்றான் தர்ஷன். "ஒம்பது வயசுல இருந்து எங்கூட இருக்கறா. ரெண்டு மாசமா சாயங்காலத்துல மணி ஸ்லோவாவுதுங்கண்ணா. இப்ப செகப்பு வேற வந்துருச்சு. எனக்குக் கையி காலு ஓடல."

"ஒரு செல்லு மாத்தறதுக்கு இந்தாளு மூணு நாளா சோறு திங்கலீங்கண்ணா" என்றாள் யாழினி. "கல்யாணமாகி நாலு வருசம் ஆச்சு, எனக்கு இன்னும் இந்தப் பொட்டியோட நாயம் புரியல. நீங்களாவது சொல்லுங்க."

"இதுல 'குடித்தனம்'னு ஒரே ஒரு ஆட்டந்தாம்மா" என்றேன். "வெளியில எங்கயும் இணைப்புக் கெடையாது. உள்ளாரயே ஒரு சின்ன மூளை இருக்குது. நீ லைன் வீட்டுச் சொந்தக்காரி, அது உன்ற வீட்டுக்குக் குடி வருது. வீட்டுல நடக்கற பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு அதுவா வளரும். ஒரு வீட்டுல வளர்ந்தது மாதிரி இன்னொரு வீட்டுல இருக்காது. மொத நாளே ஒரு ஒப்பந்தம். தெனமும் இத்தனை மணிக்கு வந்து எட்டிப் பாப்பேன்னு நாம சொல்லோணும்."

"ஆறரைன்னு சொன்னேன்" என்றான் தர்ஷன். "எங்கப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஷிப்டு. ஆறரைக்கு ஊட்டுல யாரும் இருக்க மாட்டாங்க."

"அஞ்சு நிமிசத்துக்கு மேல லேட்டானா ஒரு புள்ளி விழும். நூறு புள்ளி சேர்ந்தா அது குடி காலி பண்ணீட்டுப் போயிரும். சாவிய ஆணில மாட்டிட்டுப் போனா போனதுதான், மறுபடி கூப்புட முடியாது. செல்லு ஓடறவரைக்கும் நாம மணியையும் மாத்த முடியாது, புள்ளியையும் அழிக்க முடியாது."

"எதுக்குங்கண்ணா இப்படி ஒரு கொடுமை?" என்றாள் யாழினி.

"ஆளுகளைப் பொட்டியோட கட்டிப் போடத்தான். அந்தக் காலத்துல நானே பாத்துருக்கறேன். தாலி கட்டப்போற மாப்பிள்ளை முகூர்த்தத்துல பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சுப் போயி, பொட்டியத் தொறந்து 'வந்துட்டேன்'னு சொல்லீட்டு வந்தான். பரீட்சை ஹால்ல இருந்து பாதியில எந்திரிச்சு வந்த புள்ளைகளும் உண்டு. அப்பறம் கோர்ட்டு, கேசுன்னு ஆகி கம்பெனியே இல்லாமப் போச்சு. பொட்டிகளும் அதுக்குள்ள இருக்கற குடிகளும் மட்டும் மிச்சம்."

"இவருக்கு எத்தனை புள்ளிங்க?"

தர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். "தொண்ணூத்தொம்பது."

யாழினி அவனையே பார்த்தாள். இது அவளுக்கே புதுச் செய்தி போலிருந்தது.

"இருபத்தேழு வருசத்துலம்மா" என்றான் அவன். "பத்தாவது படிக்கறப்ப அம்மை போட்டுப் பதினஞ்சு நாளு. அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப கொஞ்சம். நம்ம கல்யாணத்தப்ப ரெண்டு."

செல் விஷயத்தில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அதையும் யாழினிக்குச் சொன்னேன். செல் செத்துப்போனால் கடிகாரம் தயாரித்த நாளுக்கே திரும்பிவிடும், 2031 ஜனவரி ஒன்று. மறுபடி தேதி வைத்தால்தான் ஆட்டம் திறக்கும், கடைசியாக எட்டிப் பார்த்த நாளுக்கு முந்தைய தேதியை அது ஏற்காது. வைத்த அந்த நிமிஷமே, நடுவில் இருபத்தேழு வருஷம் ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை என்று அது கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடும்.

அவளுக்குச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி இதே மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். நான் பழைய செல்லைக் கழற்றினேன், புதியதைப் போட்டேன், மணியை நொடி சுத்தமாக வைத்துக்கொடுத்தேன். திரையில் ஒரு கிழவர் எழுந்து கதவைப் பூட்டினார், சாவியை மாட்டினார், போய்விட்டார். "பரவால்லீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் காலிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அந்த 'பரவால்லீங்கண்ணா' இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இந்த முறை பழைய செல்லை நான் தொடவே இல்லை. முதலில் இரண்டு மெல்லிய ஒயரில் புதிய செல்லைப் பக்கவாட்டில் சேர்த்தேன். இரண்டும் சேர்ந்து கடிகாரத்தை ஓட்டுகின்றன என்று மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் பழையதை நெம்பி எடுத்தேன். நான் வேலை செய்து முடிக்கும்வரை தர்ஷன் மூச்சு விட்டானா என்று எனக்குச் சந்தேகம். திரையில் தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் குறி போய்விட்டது. மணி ஒரு நொடிகூட இடறவில்லை.

"அவ்வளவுதாங்களா?" என்றான்.

"அவ்வளவுதான். பத்து வருசத்துக்குக் கவலையில்ல."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதில் ஒரு உறுத்தல். கழற்றிய செல்லை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். சோர்ந்திருந்தது, ஆனால் கடிகாரத்தை நிறுத்துகிற அளவுக்குச் சோரவில்லை. கடிகாரத்தின் துடிப்பையும் சோதித்திருந்தேன், அது ஊசி முனை அளவுகூட விலகவில்லை. அப்படியென்றால் மணி ஏன் பின்தங்கியது?

செவ்வாய்க்கிழமை யாழினி போன் செய்தாள். "அண்ணா, மறுபடியும் அப்படியேதாங்க. நேத்து சாயங்காலம் பதிமூணு நிமிசம் ஸ்லோ. காலைல எந்திரிச்சுப் பாத்தாக் கரெக்டா இருக்குது."

"காலைல கரெக்டா? வாய்ப்பே இல்லம்மா. நோஞ்சான் செல்லு பின்தங்கும், ஒத்துக்கறேன். பின்தங்குனது தானா ஓடி வந்து சேந்துக்குமா?"

"அது எனக்கென்னங்க தெரியும்? இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. அவரு ஆறு நாப்பதுக்கு வந்தாலும் ஆறு அம்பதுக்கு வந்தாலும் பொட்டியில ஆறு இருபத்தொம்பதுதான் காட்டுது. எண்ணி வெச்ச மாதிரி."

"ஆறரைக்கு மேல ஏன் வர்றான்? புள்ளி தொண்ணூத்தொம்பதுன்னானே?"

"ரெண்டு மாசமா வண்டி ரூட்டு மாறிப்போச்சுங்க. எவ்வளவு ஓடுனாலும் ஆறு நாப்பதுக்கு மின்ன வர முடியல. மணி ஸ்லோவா ஓடறதுனாலதான் தப்பிச்சுட்டு இருக்கோம்னு அவரே சொல்றாரு. ஆனா அது செல்லுக் கோளாறுதானே, எந்நேரம் நிக்குமோன்னு பயம்."

நன்றாகத்தான் இருக்கிறது கூத்து என்று நினைத்துக்கொண்டேன். கோளாறுக்கு ஒரு குணம் உண்டு, அது யாருக்கும் சாதகம் பார்க்காது. முப்பது வருஷத்தில், மனிதருக்கு வேண்டிய நேரத்தில் மட்டும் வந்துவிட்டுப் போகும் கோளாறை நான் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஹாலில் மாட்டியிருந்த கடிகாரம் ஆறு இருபத்தைந்து காட்டியது. பத்து நிமிஷம் முன்னால், வழக்கம்போல. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அது எங்க மாமியார் வெச்சதுங்கண்ணா" என்று காபியை நீட்டினாள் யாழினி. "இப்பத் தாராபுரத்துல அவங்க மூத்த மகன் ஊட்டுல இருக்கறாங்க. போறப்பக்கூட, அதை மாத்தீறாத சாமின்னு சொல்லீட்டுத்தான் போனாங்க."

அலமாரியில் தும்பி திறந்திருந்தது. என் போனை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஆறு இருபத்தேழு. பிறகு இரண்டிலும் ஆறு இருபத்தெட்டு. இரண்டிலும் ஆறு இருபத்தொன்பது.

போனில் ஆறரை ஆனது. பெட்டியில் ஆறு இருபத்தொன்பது.

போனில் ஆறு முப்பத்தைந்து. பெட்டியில் ஆறு இருபத்தொன்பதுதான். மணி எண்களுக்கு நடுவில் நொடிக்கு ஒருமுறை மின்ன வேண்டிய புள்ளி, பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை மெல்ல மின்னியது. தையலக்கா ஒரு தையல் போடுவாள், தலையைத் தூக்கி வாசலைப் பார்ப்பாள், மறுபடி ஒரு தையல் போடுவாள். நான் காபியைக் குடிக்க மறந்துவிட்டேன்.

போனில் ஆறு நாற்பத்திரண்டு ஆனபோது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தர்ஷன் மூச்சு வாங்க ஓடிவந்து பெட்டியின் முன்னால் நின்றான்.

"தையலக்கா, வந்துட்டேன்."

மணி ஆறரைக்கு மாறியது. புள்ளி பழையபடி நொடிக்கு ஒருமுறை மின்னத் தொடங்கியது.

"வா கண்ணு" என்றது பெட்டியின் சின்ன ஸ்பீக்கர். நடுத்தர வயதுப் பெண்ணின் குரல். "நேரத்துக்கு வந்துட்ட பாரு."

தர்ஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "தையலக்கா, கடிகாரத்தை நீங்கதானே புடிச்சு வெச்சிருந்தீங்க?"

மெஷின் நின்றது. யாழினி என் பக்கம் திரும்பினாள். தர்ஷனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்க யாருங்க?" என்றது குரல்.

"ஞாயித்துக்கெழமை செல்லு மாத்துனவன்."

"ஓ, நீங்களா. பதனமா மாத்துனீங்க, ரொம்பச் சந்தோசம்." அவள் துணியை மடித்து வைத்தாள். "ஆமாங்க, நாந்தான் புடிச்சு வெச்சேன். இன்னொரு புள்ளி விழுந்தா நான் காலி பண்ணோணும். அது எழுதி வெச்சது, என்னால மீற முடியாது. புள்ளியும் என்ற கையில இல்ல. கடிகாரம் மட்டுந்தான் கைக்கு எட்டுச்சு."

"பொய் மணி காட்டறது தப்பில்லீங்களா?" எனக்கே என் குரல் வாத்தியார் குரல் மாதிரிதான் கேட்டது.

"தப்புங்களா?" அவள் உண்மையிலேயே யோசித்தது போலிருந்தது. "இந்த ஊட்டுல தர்ஷனோட அம்மா தெனமும் காலைல சொல்லுவாங்க. 'கடிகாரம் பத்து நிமிசம் மின்னாடி ஓடுது கண்ணு, பதறாம ரெண்டு வாயி தின்னுட்டுப் போ.' இருபது வருசத்துக்கு மேல கேட்டுட்டு இருந்தேன். கடிகாரம்னா ஊட்டு ஆளுகளுக்காக நகத்தி வெக்கறதுன்னு நெனச்சுட்டேன். அவங்க மின்னாடி நகத்துனாங்க, நான் பின்னாடி நகத்துனேன். காலைல எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிருவனுங்க. இட்லி ஊத்தற நேரம் தப்பக் கூடாது பாருங்க."

தும்பியைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். புள்ளியை அழிக்க முடியாமல் செய்தார்கள், மணியை மாற்ற முடியாமல் செய்தார்கள். ஆனால் பத்து நிமிஷம் முன்னால் ஓடும் ஒரு கடிகாரத்தின் கீழே அந்த மூளை வளரும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எங்கள் ஊர்க்காரர்கள் தெரியாமல் செய்த வேலை.

தர்ஷன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. "அப்ப ரெண்டு மாசமா தெனமும் நான் லேட்டுன்னு உனக்குத் தெரியுமா அக்கா?"

"தெனமும் வந்தியே கண்ணு" என்றாள் தையலக்கா. "போயி மூஞ்சி கழுவு. அந்தப் புள்ளையும் உனக்காகத்தான் டீ குடிக்காம உக்காந்திருக்கறா. அவளுக்கு ஒரு பொட்டி இருந்தா உனக்கு எத்தனை புள்ளி விழுந்திருக்குமோ."

யாழினி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்க நாத்தனாரு எம்பக்கந்தாங்கண்ணா" என்றாள்.

அவன் முகம் கழுவப் போனதும் யாழினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "இனி என்னங்கண்ணா பண்ணப் போறீங்க?"

"சர்வீஸ் புத்தகத்துல ஒரு பூட்டு இருக்குதும்மா. கடிகாரத்துல தில்லுமுல்லு நடந்தாப் பூட்டிப் போடச் சொல்லி கம்பெனி எழுதியிருக்கு. நாலு நம்பர் அடிச்சாப் போதும். அப்பறம் அதால மணியத் தொட முடியாது."

"பூட்டுனா?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு முப்பத்தாறுக்குப் போயிருவா."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தர்ஷன் முகம் கழுவும் சத்தம் கேட்டது.

முப்பது வருஷமாக, பார்க்கப் போன கடிகாரத்தைச் சரி செய்யாமல் நான் ஒரு வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. அந்த நாலு நம்பர் எனக்கு மனப்பாடம். என் விரல் அதற்குப் பழகியிருந்தது. காதில் அந்த 'பரவால்லீங்கண்ணா' கேட்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டேன். சர்வீஸ் சீட்டை எடுத்துக் 'கோளாறு' என்ற இடத்தில் எழுதினேன்: ஒன்றுமில்லை. கடிகாரம் சரியாக ஓடுகிறது.

கிளம்பும்போது ஹால் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தேன். பத்து நிமிஷம் முன்னால்தான் ஓடியது. அன்றைக்கு அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் கடையில் ஒரு பழைய பெட்டி மத்தியானம் வரை என்னைப் பாடாய்ப் படுத்தியது. வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பும்போது நான் மணி பார்ப்பதில்லை. பார்த்தால் இன்னொரு வேலையை முடித்துவிடலாம் என்று ஆசை வரும். போனையும் கடையிலேயே சார்ஜில் போட்டுவிடுவேன். ஆனால் சாப்பாட்டில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். நான் அதை இரண்டு மணி என்று வைத்துக்கொண்டேன். இரண்டைத் தாண்டினால் சோற்றைத் தொட மாட்டேன், மோர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கிருத்திகா எத்தனையோ முறை சண்டை போட்டுப் பார்த்தாள். அப்புறம் ஏனோ விட்டுவிட்டாள்.

அன்று வழக்கம்போலக் கிளம்பினேன். ஆனால் கதவைச் சாத்தும் முன், என்னவோ தோன்றி, கடைக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பத்து.

வீடு ஐந்து நிமிஷ நடை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மேற்குச் சுவரைப் பார்த்தேன். மணி ஒன்று ஐம்பது.

அங்கேயே நின்றுவிட்டேன். மத்தியானம் பின்தங்கும், சாயங்காலம் நான் வரும்போது சரியாக இருக்கும். நோஞ்சான் செல்லு தானாக ஓடிவந்து சேர்ந்துகொள்ளுமா என்று யாழினியிடம் கேட்டவன் நான்தான். கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலி ஒன்று கிடந்தது. அதன்மேல் ஈரக்கால் பட்ட தடம் இன்னும் காயவில்லை. மூன்று செல் மாற்றிய பெரிய மெக்கானிக், இதைப் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

சமையலறையிலிருந்து கிருத்திகா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் தட்டை வைத்தாள்.

"இன்னைக்கு நேரத்துலயே வந்துட்டீங்க" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஆமா கிருத்தி, நேரத்துலயே வந்துட்டேன்" என்றேன். "ரசத்தை ஊத்து."